தண்ணீர் முறை கைமாறலாமா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒரே கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டுப் பாசனம் செய்வதைக் காணலாம். பாகப்பிரிவினையில் நிலம் துண்டாகும். கிணற்றைத் துண்டாக்க முடியுமா? ஆகவே அதிலுள்ள உரிமை பங்காகிறது. கிரயப் பத்திரத்திலேயே 'கிணற்றில் நாலில் ஒரு பாகம்' என்பது போல எழுதுவார்கள். பங்குக்கு ஏற்ப மோட்டார் ஓட்டும் நாளோ, நேரமோதான் 'முறை'.

முறையைக் கைமாற்றுவதால் என்ன பயன்? ஒரு கணக்குப் போடுவோம். மோட்டார் வினாடிக்கு 5 லிட்டர் இறைப்பதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 18,000 லிட்டர்; 4 மணி நேர முறைக்கு 72,000 லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் இந்நீரைப் பரப்பினால் உயரம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர்தான்! மஞ்சள் பயிரிட்டவருக்கு இது போதாமல் போகலாம். பக்கத்துப் பங்காளியின் மரவள்ளியோ சில நாள் வறட்சியைத் தாங்கும். அவர் தம் முறையை விட்டுக்கொடுத்து, பின்னர் வேறொரு முறையாகவோ பணமாகவோ பெற்றுக்கொண்டால் இருவருக்கும் லாபம். இறைக்கும் மொத்த நேரம் மாறாததால் கிணற்றுக்கும் கூடுதல் சுமை இல்லை.

ஆனால் விற்பதற்கென்றே கூடுதலாக இறைப்பது வேறு. இப்பகுதியில் அடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். மேலே சிதைந்த பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். ஒரே வெடிப்பு பல கிணறுகளுக்கு நீர் ஊட்டக்கூடும். பங்காளி ஒருவர் தனியே ஆழ்துளைக் கிணறு தோண்டி விருப்பம்போல் இறைத்தால், பொதுக் கிணற்றின் முறையே பொருளற்றுப் போகலாம். நில உரிமையாளர் தம் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ள இடமளிக்கும் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், அதற்கு அளவு எதுவும் வகுக்கவில்லை. தமிழ்நாட்டில் பாசன மின்சாரம் இலவசம் என்பதால் கட்டணமும் கடிவாளம் ஆவதில்லை.

ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் உழவர்கள் நீர் உரிமையை வாங்கி விற்கிறார்கள். அங்கே 1995இல் ஆற்றிலிருந்து எடுக்கும் மொத்த நீருக்கு உச்சவரம்பு விதித்தார்கள். ஒருவர் கூடுதலாக எடுக்க, இன்னொருவர் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் கூட்டுக் கிணற்று முறையின் தத்துவமும் இதுவே. வேறுபாடு என்னவென்றால், நாம் நேரத்தை அளக்கிறோம். அவர்கள் நீரையே அளக்கிறார்கள்.

நீங்களும் அளந்து பாருங்கள். பெரியவர் துணையுடன், மோட்டார்க் குழாயின் அடியில் 200 லிட்டர் பீப்பாயை வையுங்கள். அது 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர். உங்கள் கிணற்றில் எவ்வளவு? கோடையில் மீண்டும் அளந்தால் அதே விடை வருமா?