முறிந்த ஷாஃப்ட் சொன்ன பாடம்

மில் ஸ்டோர்ஸ் வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு எங்கள் கடை அனுபவம் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம்.

மாவு மில் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் முறிந்த ஷாஃப்டுடன் வந்தார். 25 மி.மீ. மைல்டு ஸ்டீல். 30 மி.மீ. கொடுத்தோம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 25-ஐ 30 ஆக்கினால் சுமார் 73 சதவீதம் கூடும். கணக்கு சரி. ஆனால் பழைய பேரிங்குக்காகப் பட்டறையில் முனையை 25-க்கே கடைந்துவிட்டார்கள். அந்தப் படியிலேயே முறிந்தது. அடுத்து இ.என்.8 கொடுத்தோம், அதுவும் நிற்கவில்லை.

லேத் மிஸ்திரி துண்டைக் காட்டினார். முறிவில் பெரும்பகுதி வழவழப்பு. ஓர் ஓரம் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் ஒடிந்ததல்ல. படியின் கூர்மூலையில் விழுந்த மயிரிழை விரிசல் சுற்றுக்குச் சுற்று வளர்ந்திருக்கிறது. மோட்டாரும் மில்லும் ஒரே கோட்டில் இல்லாததால், ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங் ஷாஃப்டை வளைத்திருக்கிறது.

"இரண்டு ஷாஃப்டின் லாபம் உங்களுக்கு, மில் நின்ற நஷ்டம் எனக்கு" என்றார் வாடிக்கையாளர். எங்களிடம் பதில் இல்லை. மூன்றாவதை அடக்க விலைக்கே கொடுத்தோம். படியின் மூலையையும் கீவேயின் உள்மூலைகளையும் வளைவாக்கி, கோட்டைச் சரிசெய்து, கப்ளிங்கின் தேய்ந்த ரப்பரை மாற்றினார் மிஸ்திரி. அது நின்றது.

அன்று முதல் ஷாஃப்ட் கேட்டு வருபவரிடம் முதலில் முறிந்த துண்டைக் கேட்கிறோம். விற்பனை ஒருநாள் தள்ளிப் போகலாம், வாடிக்கை போகாது.