வைக்கோற் புகையும் உடல்நலமும்

சூடடித்த களத்திலும், அறுவடை இயந்திரம் சென்ற வயலிலும் எஞ்சும் வைக்கோலைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் பல இடங்களிற் காணப்படுகின்றது. அடுத்த போகத்திற்கு நிலத்தை விரைவிற் பண்படுத்தலாம் என்பதே இதற்குக் கூறப்படும் காரணமாகும். ஆயினும் இப்புகையை முதலிற் சுவாசிப்போர் கமக்காரரும் அவர்தம் குடும்பத்தினருமேயாவர்.

புகையிலுள்ள தீங்குகள்

ஈரமான வைக்கோல் சுவாலையின்றிப் புகைந்தெரியும்; அப்பொழுது புகை மிகும். அதில் 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் நிறைந்திருக்கும். தலைமயிரின் தடிப்பு இவற்றிலும் 20 மடங்குக்கு மேலாகும். பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். இந்நுண்ணிய துணிக்கைகளோ சுவாசப்பையின் சிற்றறைகள் வரை செல்லும். சில குருதியிலுங் கலக்கும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு, ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினுடன் சேர்வதால், உடலுக்கு வேண்டிய ஒட்சிசன் குறையும்.

கண்ணெரிவு, இருமல், தலைவலி என்பன உடனே தோன்றும். தொய்வு நோயாளருக்கு முட்டு அதிகரிக்கும். நெடுங்காலம் மாசடைந்த காற்றைச் சுவாசிப்போருக்கு இருதய நோய், பாரிசவாதம், சுவாசப்பைப் புற்றுநோய் ஆகியன ஏற்படும் அபாயம் கூடும். வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2013 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. குழந்தைகள் தம் உடல் நிறைக்கு ஏற்ப வளர்ந்தோரிலும் கூடிய காற்றை உட்கொள்வதால், அவர்களுக்குக் கேடு அதிகமாகும்.

நிலத்துக்கு நேரும் நட்டம்

ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உண்டு. எரிக்கும்போது நைதரசன் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியமும் காற்றாலும் மழையாலும் அள்ளுண்டு போகக்கூடும். பின்னர் அவற்றையே காசு கொடுத்து உரமாக வாங்க வேண்டியதாகின்றது.

செய்யத்தக்கவை

1. வைக்கோலை வயலெங்கும் பரப்பி உழுது, நீர் கட்டி, விதைப்புக்கு முன் சில வாரங்கள் உக்கவிடல் வேண்டும். உக்குமுன் விதைத்தாற் பயிர் மஞ்சளிக்கக்கூடும்.

2. சாணமும் சீமைக்கிளுவை இலையும் சேர்த்துக் கூட்டெரு ஆக்கலாம்.

3. மிளகாய், கத்தரிப் பாத்திகளின் மேல் வைக்கோலைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும், களை குறையும்.

4. உலர்ந்த நல்ல வைக்கோலைப் போராக அடுக்கி மாடுகளுக்குத் தீனியாக வைக்கலாம்.

5. அயலில் எவரேனும் எரிக்க நேரின், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், தொய்வு நோயாளர் ஆகியோரைப் புகை செல்லும் திசையினின்றும் அகற்றுதல் வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூடுதல் போதிய காப்பன்று.

வைக்கோல் குப்பையன்று, நிலம் தந்த எருவாகும். அதனை நிலத்திற்கே திருப்பிக் கொடுப்போர் வயலையும் தம் குடும்பத்தின் சுகத்தையும் ஒருங்கே காப்பவராவர்.