உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் ‘உயரும்’ ஓடுபாதை

அக்கினி நட்சத்திர நடுப்பகலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகையில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கும் தாழ்ந்த சமவெளியிலிருந்து சிறு விமானம் ஒன்று கிளம்புவதாகக் கொண்டால், ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து புறப்படுவதைப் போலவே அது திணறும் என்பது பௌதிக சாஸ்திரம் கூறும் உண்மையாகும். சூடேறிய காற்றின் அடர்த்தி குறைவதால், இறக்கையைத் தாங்கும் சக்தியும், எஞ்சினுக்குக் கிட்டும் பிராணவாயுவும், புரொப்பெல்லரின் இழுவிசையும் ஒருங்கே குன்றி, மேலெழ நீண்ட ஓடுபாதை அவசியமாகிறது.

அமெரிக்கத் தென்மேற்கிலோ நிலமே உயரம்; அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் விமான நிலையம் 7,000 அடிக்கும் மேலே இருப்பதால், அங்குச் செல்லும் விமானிகள் சுமையையும் எரிபொருளையும் கணக்கிட்டு, குளிர்ந்த காலை வேளையையே விரும்புவர்.

நம் தேசத்திலும் சிறு விமானப் பிரயாணத்துக்கு முன்னேற்பாடே பிரதானமாக இருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் ‘புஸ் மாத்’ விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து காலையில் கிளம்பி, தகர டின்களில் மாட்டுவண்டியேறி வந்த பெட்ரோலை அகமதாபாத்தில் நிரப்பிக்கொண்டு பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொணர்ந்தார்.

கோடையில் சிறு விமானம் ஏறும் வாய்ப்புக் கிட்டினால், விடியற்காலைப் புறப்பாட்டையே தேர்ந்தெடுங்கள்.