தளர்ந்த முழங்காலும் ஓடுகிற பெற்றோரும்



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 12-ஆம் அதிகாரம் ஓட்டப்பந்தயத்தோடு தொடங்குகிறது. பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மன உறுதியோடு ஓட வேண்டும் என்கிறார் ஆசிரியர். இது நம் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. ஆனால் அதே அதிகாரத்தில் பதினோரு வசனங்கள் தள்ளி, அவர் முழங்காலைப் பற்றியும் பேசுகிறார். அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தளர்ந்த முழங்கால்களுக்கு வலுவூட்ட வேண்டும், கால் போகும் வழியைச் சீராக்க வேண்டும், முடமான கால் மேலும் கெட்டுவிடாமல் நலம் பெற வேண்டும் என்பது அங்கே அவர் கருத்து. ஓடச் சொன்னவரே முழங்காலையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

இன்று இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் விடியுமுன் ஓடப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். காவல்துறைத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் மட்டுமல்ல, பிள்ளை பெற்ற அப்பாக்களும் அம்மாக்களும் ஓடுகிறார்கள். நல்ல காரியம்தான். சில நாள்களுக்கு முன் திருப்பலி முடிந்து ஒரு சகோதரி என்னிடம் வந்தார். அவர் கணவர் படகில் தொழில் செய்பவர். 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார். முழங்காலில் வலி வந்து நான்கு மாதம் ஆகிறதாம். “சாமி, அவிய ஓடதுல எனக்கு வருத்தமில்ல. நாலரைக்குப் போயிட்டு ஏழரைக்கு நொண்டிக்கிட்டு வாராவ. பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பதும் நாந்தான், வந்தவியளுக்கு ஐஸ் வச்சுக் கொடுக்கதும் நாந்தான்” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. படகைத் தள்ளவும், ஆடுகிற தளத்தில் நின்று வலை இழுக்கவும் அதே முழங்கால்தான் வேண்டும். அது போனால் பதக்கத்தோடு வருமானமும் போகும்.

முழங்காலைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் அது. முன்பக்கத்தில் சில்லு இருக்கிறது. எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அந்தக் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் சதையில் பட்ட காயம் ஆறுவதுபோல் அது எளிதில் ஆறுவதில்லை. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் நம் உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் மூட்டில் இறங்குகிறது. இந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியவை தொடைத் தசையும் இடுப்புத் தசையும். அவை வலுவில்லாமல் இருந்தால் சில்லைச் சுற்றி வலி வரும். படி இறங்கும்போதும், குத்துக்காலிட்டு உட்காரும்போதும் அந்த வலி நன்றாகத் தெரியும்.

ஓட்டம் மூட்டைத் தேய்த்துவிடும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அளவோடு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகமாக வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஆகவே குற்றவாளி ஓட்டமல்ல, பெரும்பாலும் அவசரம்தான். போன வாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடியவர் இந்த வாரம் பன்னிரண்டு ஓடுகிறார். தசை பழகுமுன் தூரம் கூடிவிடுகிறது. நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. அலை வந்து போகும் ஓரத்தில் மணல் கெட்டியாக இருக்கிறது என்று அங்கே ஓடுகிறோம். அந்த இடம் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். வழியைச் சீராக்கச் சொன்ன எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர் நம் கடற்கரையைப் பார்த்திருப்பாரோ என்றுகூடத் தோன்றுகிறது.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலி என்பது உடல் தருகிற எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டு ஓடினால் காயம் பெரிதாகும். வியர்த்து நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். மூட்டு வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது மடங்கிக்கொண்டாலோ, இரவில் வலி தூங்கவிடாமல் செய்தாலோ எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி சில வாரம் தூரத்தைக் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தாலே பலருக்கு வலி தணிந்துவிடும்.

பெற்றோரான பிறகு ஓட முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஷைனி வில்சனைச் சொல்வேன். 1965-இல் கேரளத்துத் தொடுபுழாவில் பிறந்து, சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் பணிபுரிந்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதிவரை சென்றவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தும், தடம் மாறியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர். பிறகு நீச்சல் வீரர் வில்சன் செரியனை மணந்தார், தாயானார். அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி அணியின் முன்னே நடந்தவர் அவர்தான். 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். இரண்டு நிமிடத்துக்குள் அதை ஓடிய முதல் இந்தியப் பெண் அவரே. பதினைந்து ஆண்டுகள், 2010-இல் டின்டு லூகா முறியடிக்கும்வரை, அந்தச் சாதனை நின்றது. இளவயதில் எட்டாத நேரத்தை அவர் தாயான பிறகுதான் எட்டினார்.

ஆனால் தாய் ஒருத்தி ஓட வேண்டுமென்றால் குழந்தையை அந்த நேரத்தில் வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தை ஓடினாலும் அப்படியே. நம் வீடுகளில் தந்தை ஓடப் போனால் இதை யாரும் கேட்பதில்லை, தாய் ஓடப் போனால்தான் “பிள்ளைய யார் பாக்கா?” என்று தெருவே கேட்கிறது. இது சரியில்லை என்பது என் கருத்து. அந்தச் சகோதரியின் கணவரிடம் நான் கேட்டதும் ஒன்றுதான்: “உங்க ஓட்டத்துக்கு அவங்க மூணு மணி நேரம் கொடுக்காங்க, அவங்களுக்கு நீங்க எத்தன மணி நேரம் கொடுக்கிய?” அவர் பதில் சொல்லவில்லை. பிறகு இருவரும் பேசி, வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். மற்ற நாள்களில் பிள்ளைகளைக் கிளப்பிவிடுவது அவர் பொறுப்பு. 21 கிலோமீட்டர் இந்த ஆண்டு வேண்டாம், முழங்கால் தேறட்டும் என்றும் முடிவாகியிருக்கிறது. அவருக்கு மனசு ஆறவில்லைதான். அதுவும் புரிகிறது.

உயிர்த்த ஞாயிறன்று இரண்டு சீடர்கள் கல்லறைக்கு ஓடியதை யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. பேதுருவைவிட மற்றச் சீடர் வேகமாக ஓடி முதலில் சேர்ந்தார். சேர்ந்தவர் உள்ளே நுழையவில்லை, பின்னால் வந்தவருக்கு வழிவிட்டு நின்றார். வேகமாக ஓடத் தெரிந்தவருக்குக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது. கணவன் மனைவியாக இருப்பவர்கள் இந்தப் பகுதியை வீட்டில் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

முழங்கால் என்றதும் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். எருசலேம் திருச்சபையின் தலைவர் யாக்கோபு ஓயாமல் மண்டியிட்டு மன்றாடியதால் அவர் முழங்கால் ஒட்டகத்தின் முழங்கால்போலக் காய்த்துப்போயிருந்ததாம். இரண்டாம் நூற்றாண்டில் எகேசிப்பு எழுதியதாக வரலாற்றாசிரியர் யூசேபியு குறித்து வைத்திருக்கிறார். மூட்டுவலி உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மண்டியிட முடியாதவர்கள் உட்கார்ந்தே செபிக்கலாம், ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. நெடுந்தூர ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் தொழிலையே நிறுத்தி வைக்கிற ஊர் நம்முடையது. ஓட்டத்துக்காகத் திருப்பலியை விடலாமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். விட வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டம் தூத்துக்குடியிலோ சென்னையிலோ என்றால் அங்குள்ள பங்கில் ஞாயிறு மாலைத் திருப்பலி எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது முடிந்தால் வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிப் போங்கள். ஓட்டம் முடிகிற இடத்தில் பிள்ளைகள் நின்றால் வலிக்கிற முழங்கால்கூடக் கொஞ்சம் ஒத்துழைக்கும்.