நிலமும் வில்லனும்: கிளேர் குடும்பத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘நிலப்பிரபுத்துவம்’ என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். பிடிக்காத மனோபாவம் எதுவானாலும் இந்த முத்திரையைக் குத்திவிட்டால் விமர்சனம் முடிந்தது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஐரோப்பிய வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட கருத்தாக்கம் இது. அங்கே எதைக் குறித்தது என்று தேடப்போய்த்தான் இடைக்கால இங்கிலாந்தின் கிளேர் குடும்பத்தில் வந்து நின்றேன்.

முதலில் ஒரு தெளிவு. அங்கே பிரபுவுக்கு நிலம் ‘சொந்தம்’ இல்லை. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த வில்லியம், நிலம் முழுவதும் இறுதியில் அரசனிடமிருந்தே பெறப்படுவது என்றாக்கினான். மற்றவர்கள் படைச்சேவை போன்ற கடமைகளுக்கு ஈடாக அதை ‘வைத்திருப்பவர்கள்’. அவனுடைய உறவினன் ரிச்சர்டுக்குக் கென்ட்டில் டன்பிரிட்ஜும் சஃபோக்கில் கிளேரும் கிடைத்தன. குடும்பம் ஊருக்குப் பேர் வைக்கவில்லை. ஊர்தான் குடும்பத்துக்குப் பேர் வைத்தது.

அப்புறம் இந்தச் சொத்து பெருகியது எப்படி? வாளால் என்று நினைப்போம். பெரும்பகுதி கல்யாணத்தால். 1217இல் தாய்வழியாகக் குளோஸ்டர் பிரபுப் பட்டமும், வேல்ஸின் கிளமார்கன் பகுதியும் வந்தன. மார்ஷல் குடும்பத்தின் ஐந்து சகோதரர்களும் ஒருவர் பின் ஒருவராக வாரிசில்லாமல் செத்து, 1245இல் அந்த ஆண்வழி அற்றுப்போனது. நிலம் ஐந்து சகோதரிகள் வழியாகப் பிரிந்தது. அவர்களில் ஒருத்தி கிளேர் வீட்டு மருமகளாகியிருந்தவள். அயர்லாந்தின் கில்கென்னி அப்படி வந்தது. 1268இல் கேர்ஃபிலியில் பிரம்மாண்டமான கோட்டையைக் கட்டத் தொடங்கிய கில்பர்ட், 1290இல் அரசன் முதலாம் எட்வர்டின் மகள் ஜோனை மணந்தான். அதற்கு விலை: நிலம் முழுவதையும் அரசனிடம் ஒப்படைத்து, ஜோனின் வயிற்றில் பிறப்பவர்களுக்கே வாரிசுரிமை என்ற நிபந்தனையோடு திரும்பப் பெற்றான். முதல் மனைவியின் பெண்கள் இருவரும் ஒதுக்கப்பட்டார்கள்.

ஜோனின் மகன், இன்னொரு கில்பர்ட், 1314இல் ஸ்காட்டுகளுடனான பானக்பர்ன் போரில் 23 வயதில் செத்தான். பிள்ளை இல்லை. விதவை தான் கர்ப்பம் என்றாள். ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. நிலத்தைப் பிரிக்க முடியவில்லை. நாட்டின் மிகப்பெரிய சொத்துக்களில் ஒன்று ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது! 1317இல்தான் அது மூன்று சகோதரிகளுக்குப் பாகமானது.

இந்த இடைவெளிக்கு யார் விலை கொடுத்தார்கள்? கிளமார்கனின் வேல்ஸ் மக்கள். பஞ்ச காலம், அரச அதிகாரிகளின் கெடுபிடி வேறு. 1316இல் லிவெலின் பிரென் கிளர்ந்தெழுந்து கேர்ஃபிலியைத் தாக்கினான். தன் மக்களைக் காப்பாற்றத் தானே சரணடைந்தான். கிளமார்கனைப் பாகமாகப் பெற்ற மூத்த சகோதரியின் கணவன் ஹியூ டிஸ்பென்சர் 1318இல் அவனை முறையான விசாரணையின்றிக் கொன்றான். அடுத்து மைத்துனிகளின் பாகம். இளையவள் எலிசபெத்தை அடைத்துவைத்து உஸ்க் பகுதியை எழுதி வாங்கினான். 1326இல் அவள் தனக்கு நேர்ந்த வற்புறுத்தலை ரகசியமாக ஆவணமாக்கினாள். அதே ஆண்டு டிஸ்பென்சர் தூக்கிலிடப்பட்டான். கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரிக்குப் பேர் வந்தது இந்த எலிசபெத்தால்தான்.

சரி, ‘நிலம்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறோமே, அது என்ன? பிரபு செத்தால் அரச அதிகாரி வந்து கணக்கெடுப்பான். உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்து சொல்வார்கள்: உழவு நிலம் இத்தனை ஏக்கர், புல்வெளி இவ்வளவு, மாவாலை ஒன்று, பிரபுவின் நீதிமன்றத்தில் வரும் அபராதம் இவ்வளவு, குடியானவர்கள் செய்யவேண்டிய இலவச வேலை இவ்வளவு பெறும். கடைசி இரண்டையும் கவனியுங்கள். மண்ணின் கணக்கில் மனுஷனும் சேர்ந்தே வருகிறான். மண்ணோடு கட்டப்பட்ட அந்தக் குடியானவன் பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்கவேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குக் காசு. செத்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்கு. சீமாட்டி கல்யாணத்துக்கு அரசனின் அனுமதி. குடியானவன் மகள் கல்யாணத்துக்குப் பிரபுவின் அனுமதி. இரண்டு முனையிலும் பெண்ணுடல் வழியாகத்தான் நிலம் காக்கப்பட்டது. ஆனால் ஒரு முனையில் கோட்டை இருந்தது.

இந்தக் குடியானவனுக்குப் பேர் ‘வில்லெயின்’. மேலே இருந்தவர்கள் வாயில் அது கீழ்மகன், அயோக்கியன் என்று திரிந்தது. அப்படியே கப்பலேறி நம் சினிமாவுக்கும் வந்துசேர்ந்தது. திரையில் பண்ணையாரைப் பார்த்து ‘வில்லன்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளே குனிந்து உழுதுகொண்டிருப்பவனோ பண்ணையாள். நிலத்தை வைத்திருந்தவர்களிடம்தான் சொற்களும் இருந்தன. அவற்றை வாங்கிப் புழங்குகிற நாம், ஒருமுறையாவது பிரித்துப் பார்த்துவிட்டு எழுதலாம்.