கோப்புக்குள் ஒரு வேலி

நாற்பது அத்தியாயம் கொண்ட ஒரு நாவல் ஒரே கோப்பாக இருக்கிறது. ஏழாவது அத்தியாயத்தில் மட்டும் ‘அண்ணாமலை’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘ஆறுமுகம்’ என்று மாற்ற வேண்டும். பெரும்பாலான எடிட்டர்களில் அந்த அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து, ‘தேர்ந்தெடுத்த பகுதியில் மட்டும்’ என்று டிக் செய்ய வேண்டியிருக்கும். மாற்றும் கட்டளையை எழுதியவர் அந்த வசதியையும் யோசித்துச் சேர்த்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும். சொற்களை எண்ணும் கட்டளை, எழுத்துப்பிழை பார்க்கும் கட்டளை என ஒவ்வொன்றுக்கும் இதே கதைதான்.

ஈமாக்ஸ் என்ற எடிட்டர் இந்தச் சிக்கலை அடியிலேயே தீர்த்துவிட்டது. திறந்த கோப்பின் எழுத்துகள் முழுவதும் கணினியின் நினைவகத்தில் ‘பஃபர்’ என்ற இடத்தில் இருக்கும். கட்டளைகள் வேலை செய்வது அதன் மேல்தான். ஈமாக்ஸ் கட்டளைகளைத் தொடுவதில்லை. பஃபர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையே மாற்றிவிடுகிறது. ஏழாம் அத்தியாயத்தைக் குறித்துக்கொண்டு கன்ட்ரோல்-எக்ஸ், என், என் என்று தட்டினால் போதும். மற்ற முப்பத்தொன்பது அத்தியாயங்களும் திரையிலிருந்து மறைகின்றன. நிரல்களின் கைக்கும் எட்டாமல் போகின்றன. கன்ட்ரோல்-எக்ஸ், என், டபிள்யூ தட்டினால் எல்லாம் திரும்பி வரும். இடையில் சேமித்தாலும் முழுக் கோப்புதான் வட்டில் எழுதப்படும். ஆனாலும் புதியவர் ஒருவர் தெரியாமல் இதைத் தட்டிவிட்டால், நாவலே போய்விட்டதென்று பதறிப்போவார். அதனால்தான் முதல்முறை தட்டும்போது, நிச்சயமாகத்தானா என்று ஈமாக்ஸ் கேட்கிறது.

யோசனை பழையது. 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் போன்றோர் ஈமாக்ஸை உருவாக்கியபோது, அது டெக்கோ என்ற எடிட்டரின் மேல் எழுதப்பட்ட மேக்ரோக்களின் தொகுப்பு. அங்கிருந்த டெக்கோவிலேயே பஃபருக்குக் கற்பனை எல்லை போடும் வழி இருந்தது. 1980-களில் ஸ்டால்மன் புதிதாக எழுதிய குனூ ஈமாக்ஸுக்கும் அது வந்து சேர்ந்தது.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. எந்த எழுத்தும் நகலெடுக்கப்படுவதில்லை, இடம் மாற்றப்படுவதும் இல்லை. ஒவ்வொரு பஃபருக்கும் தொடக்க எல்லை, முடிவு எல்லை என்று இரண்டு எண்கள் உண்டு. அவை மட்டும் மாறுகின்றன. 5000-க்கும் 6000-க்கும் இடையில் எல்லை போட்டுவிட்டு, தொடக்கம் எது என்று ஒரு நிரல் கேட்டால் 1 என்று பதில் வராது, 5000 என்றே வரும். கர்சரை 1-க்கு நகர்த்தச் சொன்னால் அது 5000-லேயே நின்றுவிடும். 1 முதல் 10 வரை உள்ள எழுத்துகளை எடுத்துத் தரச் சொன்னால், வரம்பு மீறியதாகப் பிழைச் செய்தி வரும். இட எண்கள் மாறாததால், ஒரு நிரல் 5321 என்று குறித்துவைத்த இடம், எல்லையை நீக்கிய பிறகும் அதே இடம்தான்.

ஈமாக்ஸின் கையேடுகளைக் காட்டும் ‘இன்ஃபோ’ இதை வைத்தே பிழைக்கிறது. கோப்பில் பல பிரிவுகள் சேர்ந்தே கிடக்க, வாசகருக்கு வேண்டிய பிரிவைச் சுற்றி மட்டும் எல்லை போட்டுக் காட்டுகிறது.

நிரல் எழுதுபவர்களும் தங்கள் வேலைக்காகத் தற்காலிகமாக எல்லை போட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ‘சேவ்-ரெஸ்ட்ரிக்ஷன்’ என்ற கட்டுமானம். நடுவில் பிழை ஏற்பட்டு நிரல் பாதியில் நின்றாலும் பழைய எல்லை திரும்பிவிடும். இது இல்லாவிட்டால், எங்கோ பின்னணியில் ஓடிய நிரல் விட்டுப்போன எல்லைக்குள் பயனர் சிக்கித் தவிப்பார்.

ஆனால் இந்த எல்லையை எந்த நிரலும் ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம். அங்கேதான் நெடுநாள் இழுபறி. சொற்களை எண்ணும் நிரல் பயனர் போட்ட எல்லையை மதிக்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. நிரல்மொழிக் கோப்புக்கு வண்ணம் தீட்டும் நிரலின் நிலை வேறு. கண்ணில் படும் மேற்கோள்குறி ஒரு சரத்தை, அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடரைத் தொடங்குகிறதா, முடிக்கிறதா என்று தெரிய, கோப்பின் தலையிலிருந்து பார்த்துவர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நிரல் எல்லையை விலக்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மீண்டும் போட்டுவிடுவதே முறை என்பேன். பார்ப்பதற்காக எல்லை தாண்டலாம், திருத்துவதற்காகத் தாண்டக் கூடாது. பயனர் எல்லை போட்டது தன் எழுத்தைக் காப்பதற்காகத்தான்.

2023-ல் வந்த ஈமாக்ஸின் 29-ஆம் பதிப்பு நிரல்களுக்கும் எல்லைக்கும் உள்ள இந்த உறவையே மாற்றியது. லட்சக்கணக்கான எழுத்துகள் ஒரே வரியாக நீளும் கோப்புகள் இன்று சர்வசாதாரணம். இயந்திரம் எழுதித்தள்ளும் தரவுக் கோப்புகள் பலவும் அப்படித்தான். முன்பெல்லாம் அவற்றைத் திறந்தாலே ஈமாக்ஸ் உறைந்துபோகும். இப்போது 50,000 எழுத்துகளைத் தாண்டிய வரி இருந்தால், வண்ணம் தீட்டும் நிரல்களை ஈமாக்ஸ் ஒரு பகுதிக்குள் பூட்டிவைத்து ஓடவிடுகிறது. வழக்கமான நீக்கும் கட்டளை அங்கே செல்லாது. அப்படிப் பூட்டிய எல்லைக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும் நிரலுக்கு மட்டுமே பூட்டு திறக்கும்.

முழுக் கோப்பையும் பார்க்க முடியாததால் சில இடங்களில் வண்ணம் தப்பாக விழுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. கர்சரே நகராத எடிட்டரில் சரியான வண்ணத்தால் யாருக்கும் பயனில்லை. இந்தப் பூட்டு வேண்டாம் என்பவர்கள் அந்த 50,000 என்ற வரம்பையே தங்கள் அமைப்பில் எடுத்துவிடலாம்.