சக்கரம் சொல்லும் செய்தி

முன் சக்கரங்களை எஞ்சின் இயக்கும் காரில், இழுத்தல், திரும்புதல் ஆகிய இரு வேலைகளும் முன் டயர்களுக்கே உரியன. ஆகவே அவை விரைந்து தேயும். தேய்மானம் சமமாகும் பொருட்டே, ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக இடம் மாற்றுகின்றனர்.

காற்றுக் குறைந்த டயர் மிகுதியாய் நெளியும், நெளிவினால் சூடேறும், சூடு மிகுந்தால் சிதையும். அமெரிக்காவில் டயர் சிதைந்து பலர் மாண்டபின், 2000-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த விதிப்படி, காற்றழுத்தம் உரிய அளவினின்று 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிதல் வேண்டும்.

சக்கரத்தினுள் அமைந்த சிறு உணர்கருவி அழுத்தத்தை அளந்து வானொலி அலையில் அறிவிக்கிறது. டயரை மாற்றும்போது கருவியும் இடம் மாறும். பல கார்களில் புதிய இடத்தைப் பதியாவிடின், முன்சக்கரத்தின் குறை பின்சக்கரத்ததாகத் தோன்றும்.

20 விழுக்காடு குறைந்தாலும் விளக்கு வாளாவிருக்கக்கூடும். ஆதலின் மாதந்தோறும், டயர் குளிர்ந்திருக்கையில், அளவியால் சோதித்தலே அறிவுடைமை.